கப்பலின் அடிச்சிவப்பு

இந்த ட்யூப் லைட் வெளிச்சத்தில் எந்த மனுஷிக்கும் நிறம் தெரியாது என்று பிரமிளா முடிவு கட்டினாள். முடிவு கட்டின கையோடு கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். இடது கையில் ஒரு பாட்டில், வலது கையில் ஒரு பாட்டில். இரண்டும் கட்டைவிரல் உயரம், இரண்டுக்கும் சொட்டு மருந்து மாதிரி மூக்கு. ஒன்றில் கப்பலின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற சிவப்பு இருக்க வேண்டும், மற்றதில் மேல்தளத்துக்கு அடிக்கிற பச்சை. இருக்க வேண்டும் என்றால் என்ன பேச்சு, லேபிளில் எழுதியிருக்கிறதே. எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறது, எறும்புக்கால் எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது, ஆகவே கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஏதாவது என்றால் எழுத்துதானே முதலில் போகும்? ட்யூப் லைட்டைத்தான் சொல்ல வேண்டும். டவுன்ஹால் பக்கம் நூல் கடைக்கு மேல்மாடியில் கடையை வைத்துவிட்டு, கோயமுத்தூரிலேயே கப்பல், விமானம் என்று குட்டி மாடல் கட்டுகிறவர்களுக்கென்று இருக்கிற ஒரே கடை என்று பீற்றிக்கொண்டு, நிறம் விற்கிற இடத்தில் இப்படி ஒரு நீல லைட்டைப் போட்டு வைத்திருக்கிற சிவநேசனை என்ன செய்தால் தகும்? நல்ல மனுஷன்தான். ஆறு வருஷமாகப் பழக்கம். முதல் நாள் அவள் படியேறி வந்தபோது "பையனுக்குங்களா மேடம்?" என்று கேட்டு, "ஏன், எனக்கு வாங்கினா குடுக்க மாட்டீங்களோ?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து அவள் வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறான். இன்றைக்கும் போட்டான். இன்றைக்கு அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பாட்டில் அலமாரி கண் மட்டத்துக்கு மேலே போய்விடும், அண்ணாந்து பார்த்தால் எல்லாம் ஒரே சேறாகத் தெரியும். நின்றாலும் கொஞ்சம் அப்படித்தான் தெரிகிறது. ட்யூப் லைட்.

சரி, வந்த வேலை. ஒரு மீட்டரில் பாதி நீளம் கப்பல், சாமான் ஏற்றிப் போகிற கப்பல், சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டுகிற வேலை முடிந்தது, தேய்க்கிற வேலை முடிந்தது, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சும் முடிந்தது. இனி நிறம். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சிவப்பு, மேலே கறுப்பு, தளம் பச்சை, அறைகளுக்கு வெள்ளை. வர்ஷினியின் வருங்கால மாமனார் ஜெகந்நாதன் இருபத்திரண்டு வருஷம் எஞ்சினியராக இருந்த கப்பல் அது. நிச்சயதார்த்தத் தட்டோடு தட்டாக அதை வைத்தால் மனுஷன் அழுதுவிடுவார் என்பது வர்ஷினியின் திட்டம். "ம்மா, வெள்ளிக் குத்துவிளக்கு யாரு வேணாலும் குடுப்பாங்கம்மா, இதை நீ மட்டுந்தான் குடுக்க முடியும்." பெற்ற பெண் வாயால் அப்படி ஒரு வார்த்தை வருவதற்கு இருபத்தாறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிச்சயம் இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள். பன்னிரண்டு நாளில் நாலு நிறம் அடிப்பது அவளுக்கு ஒரு வேலையா? இரண்டு மணி நேரத்தில் ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட். அக்ரிலிக்கில் அதுதான் வசதி, சீக்கிரம் காயும், தண்ணீரில் கழுவலாம், நாற்றமில்லை, நெஞ்சைப் பிடிக்காது. நெஞ்சைப் பிடிக்காது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு துணி ஆணியில் மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது.

ஏனென்றால் வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிற கதையே அதுதான். போன வருஷம் வரை அவள் அடித்ததெல்லாம் லாக்கர் பெயின்ட், தின்னரில் கரைப்பது. தின்னர் வாசனை மாடிப்படி வரை வரும். இருமல் பிடித்தது. முதலில் ராத்திரி மட்டும், பிறகு எந்நேரமும். தயாளன், அவள் வீட்டுக்காரர், பம்ப்செட் கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிறவர், வீட்டில் மட்டும் கெஞ்சுகிறவர், "பிரமி, அந்த எழவு பெயின்ட்டை விட்டுடேன்" என்றார். அவளும் அதுதான் காரணம் என்று நினைத்தாள், சத்தியமாக நினைத்தாள், மூன்று மாதம் அப்படியே நினைத்துக்கொண்டு அக்ரிலிக்குக்கு மாறினாள். பால் பதத்துக்குக் கரைக்கக் கற்றுக்கொண்டு, பெயின்ட் ஊதுகிற துப்பாக்கியின் ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொள்கிற கிரகசாரத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டு, தண்ணீர்ச் சாதிப் பெயின்ட்டில் பழைய தின்னரை ஊற்றினால் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகப் போய்விடும் என்பதை ஒரு விமானத்தின் இறக்கையைப் பாழாக்கித் தெரிந்துகொண்டு, எல்லாம் ஆனபிறகும் இருமல் நிற்கவில்லை. எடை குறைந்தது. "ஸ்லிம்மாயிட்டே" என்றார்கள் வாக்கிங் போகிற பெண்கள். சாயங்காலமானால் காய்ச்சல். பாலக்காட்டுச் சாலையில், தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள் என்று தேடிப்பிடித்த சின்ன நெஞ்சு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, கொஞ்சமும் சுற்றி வளைக்காமல், "டி.பி.ங்க" என்றாள். டி.பி. குன்னூர் கான்வென்ட்டில் படித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலையணை உறையைக் கொதிக்க வைக்கிறவளுக்கு, வேலைக்காரிக்குத் தனி டம்ளர் வைக்கிற பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவளுக்கு, டி.பி. "யாருக்கு வேணும்னாலும் வரும். ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா ஓடிடும். ரெண்டு மூணு வாரத்துல மத்தவங்களுக்குத் தொத்தறதும் நின்னுடும்" என்றாள் டாக்டரம்மா. ஓடத்தான் செய்தது. இருமல் ஓடிவிட்டது, காய்ச்சல் ஓடிவிட்டது, எடை திரும்பி வந்தது. ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அக்ரிலிக்குக்கு நன்றி சொன்னார்கள். "பாத்தியா, அந்தத் தின்னரை விட்டதும் எப்படி ஆயிட்டே!" என்று தயாளன் கடவுளையே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அவளும் ஆமாம் என்றாள். காலை மாத்திரைகள் அரிசி டின்னுக்குப் பின்னால். இன்னும் இருபத்தொன்பது நாள். அதற்குள் பன்னிரண்டாம் நாள் நிச்சயம். கழுத்தில் தாலி ஏறாத வரைக்கும் எந்தச் சம்பந்தி வீட்டுக்கும் எதுவும் தெரியக்கூடாது. பெண்ணோட அம்மாவுக்கு டி.பி.யாம், பெண்ணுக்கு இருக்குமோ, பிறக்கிற பிள்ளைக்கு வருமோ. அவளுக்கே தெரியும் அது மடத்தனம் என்று. ஆனால் மடத்தனத்துக்குத்தான் ஊரில் கௌரவம் அதிகம்.

டாக்டரம்மா வேறொன்றும் சொன்னாள். எழுந்து கதவுவரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். "இதுல ஒரு மருந்து, எல்லாருக்கும் இல்ல, சில பேருக்குக் கண் நரம்பைத் தாக்கும். எழுத்தெல்லாம் தெரியும், ஏமாந்துடாதீங்க. நிறம்தான் முதல்ல போகும். சிவப்பும் பச்சையும் மங்கின மாதிரி தெரிஞ்சா அந்த மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே வாங்க. அன்னிக்கே. ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. சீக்கிரம் வந்தா திரும்பிடும். தள்ளிப்போட்டா என் கையில இல்ல." பிரமிளா அப்போது சிரித்தாள். சிவப்பும் பச்சையும்! "டாக்டர், நான் வர்ணத்துலதான் குடியிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள், திமிர், இங்கிலீஷில் வேறு சொல்லியிருக்கிறாள்.

"மேடம், ஜன்னல்கிட்ட வேணா வெச்சுப் பாருங்க" என்றான் சிவநேசன். கல்லாவுக்குப் பின்னால் ஊசி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு? எனக்குத் தெரியாதா? உங்க லைட்டைத்தான் மாத்தணும். பிணத்தைப் படுக்க வைக்கிற ரூம் மாதிரி இருக்கு."

"மாத்திடலாமுங்க. போன மாசந்தான் புதுசு போட்டேனுங்க."

போன மாசம் புதுசு. அது காதில் விழாத மாதிரி ஜன்னலுக்குப் போனாள், அவன் சொன்னதற்காக அல்ல, தானாகவே போகிற மாதிரி. பதினோரு மணி வெயில். கீழே நூல் மூட்டை இறக்குகிறார்கள், யாரோ யாரையோ "டேய் உன் கையென்ன வாடகைக்கு வாங்கினதா?" என்று திட்டுகிறார்கள். பாட்டில்களை வெயிலில் பிடித்தாள். ஒன்று பழைய ரத்தக் கறை மாதிரி இருந்தது. மற்றதும் பழைய ரத்தக் கறை மாதிரி இருந்தது, கொஞ்சம் சாம்பல் தூவினது. வெயில் அதிகம், அதுதான் கூசுகிறது. மேகம் வந்தால் சரியாகத் தெரியும். மேகம் வரட்டும் என்று நின்றாள். குன்னூரில் இருந்தால் இந்நேரம் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருக்கும். டிராயிங் வகுப்பில் சிஸ்டர் பெலிசிட்டா, முகத்தில் மீசை வைத்த புண்ணியவதி, யூகலிப்டஸ் இலையை மேசையில் போட்டு, "பச்சை என்று சொல்லாதே, என்ன பச்சை என்று சொல்" என்று பிரம்பால் தட்டுவாள். பிரமிளா ஒருத்திதான் பதினொரு பச்சை எண்ணினாள் ஒரே இலையில். மற்றதுகள் எல்லாம் மூன்றுக்கு மேல் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பதினொன்றை வைத்து என்ன செய்தாள்? கல்யாணம் செய்தாள். ப்ளவுஸுக்கு மேட்சிங் பார்த்தாள், திரைச்சீலைக்கு மேட்சிங் பார்த்தாள், அவரையில் எது முற்றல் எது பிஞ்சு என்று ஒரு பார்வையில் சொன்னாள். நாற்பத்தாறு வயதில் பெண் ஹாஸ்டலுக்குப் போனபிறகு ஒரு நாள் இந்தப் படியில் ஏறி, ஏர்பிரஷ் என்று பேனா மாதிரி ஒரு துப்பாக்கியை வாங்கிப் போய், காற்றில் நிறத்தைப் புகையாக ஊதினாள். ஊதின அன்றைக்குத்தான் அந்தப் பதினொன்றும் வீண்போகவில்லை என்று பட்டது. மேகம் வரவில்லை.

சுவரில் ஸ்பூன் பலகை. ஐஸ்கிரீம் கடை வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிறம் அடித்து வரிசையாக ஒட்டியிருந்தன. பாட்டிலில் இருக்கிறபோது ஒரு நிறம், காய்ந்தபிறகு ஒரு நிறம், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், அதனால் ஸ்பூனைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பலகை பக்கம் போகாமல் ஒரு மணி நேரமாக இங்கேயும் அங்கேயும் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. பலகைக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்ததும் ஒரு காரணம். இன்னாசிமுத்து. சூலூர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், விமானம் தவிர வேறெதையும் கட்டமாட்டார், மற்றவர்கள் எதைக் கட்டினாலும் குறை சொல்வார்.

"கப்பலாமே மேடம்? கேள்விப்பட்டேன். தண்ணிக்கு இறங்கிட்டீங்க."

"ஆகாசத்துல நீங்க இடம் விட்டாத்தானே?"

"அடிப்பாகம் சிவப்பு ரொம்பப் பளபளன்னு அடிச்சுடாதீங்க. நிஜக் கப்பல்ல அது துரு மாதிரி இருக்கும். நம்ம ஜெகந்நாதன் இருக்காரே, கப்பல்ல எஞ்சினியரா இருந்தவரு, பீளமேடு கிரவுண்டுல காலைல கூட நடப்பாரு, அவரு சொல்லுவாரு."

ஜெகந்நாதன். அவரோடு நடக்கிறவர். காலையில் ஐந்தே முக்காலுக்கு இரண்டு கிழவர்கள் நடந்தால் என்ன பேசுவார்கள்? எல்லாம் பேசுவார்கள். "தெரியும்" என்றாள். சம்பந்தி ஆகப்போகிறவர் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொன்னால் மனுஷன் சந்தோஷப்படுவார், காபி வாங்கித்தருவார், நாளைக் காலை ஐந்தே முக்காலுக்குப் போய் உங்க சம்பந்தியம்மாவைப் பார்த்தேன் என்பார், எப்படி இருந்தாங்க என்று அவர் கேட்பார். எப்படி இருந்தாள்? இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு ஜன்னலில் மேகத்துக்குக் காத்திருந்தாள்.

பார்க்கத்தானே வேண்டும், என்ன பயம் என்று பலகையைப் பார்த்தாள். நீலங்கள் நீலமாகவே இருந்தன. மஞ்சள் மஞ்சளாக இருந்தது, கொஞ்சம் வெளிறி. அப்பாடா. அதற்கப்புறம் மூன்றாவது வரிசை தொடங்கியது. மூன்றாவது வரிசை சிவப்புகள் என்று அவளுக்கு மனப்பாடம், நான்காவது வரிசை பச்சைகள். இரண்டு வரிசையும் மழைக்காலத்துக் குட்டை மாதிரி கிடந்தன. ஒரு ஸ்பூன் கொஞ்சம் இருட்டு, ஒரு ஸ்பூன் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம். தூசி படிந்திருக்கும். சிவநேசன் என்றைக்குத் துடைத்தான்? ஒரு ஸ்பூன் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள். விரலில் ஒன்றும் வரவில்லை. தக்காளியும் இப்படித்தான். உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டினால் பாதி காய். அந்தக் கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று மறுநாள் போய்ச் சண்டை போட்டாள். "நீங்களே கையில பொறுக்குனதுதானுங்கக்கா" என்றாள் அவள், அடக்கமாக, அதுதான் இன்னும் எரிச்சல். பிறகு நிச்சயப் புடவை. அரக்குப் பட்டு, கிளிப்பச்சைக் கரை. அரக்கு ப்ளவுஸுக்கு அரக்கு நூல் என்று நினைத்து ஒன்றை எடுத்துக்கொடுத்தாள் டெய்லரிடம். வர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ம்மா, இது பச்சைம்மா. கல்யாணக் கனவுல மிதக்கறது நானா நீயா?" அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்ய? வேலை அதிகம், தூக்கம் இல்லை, யாருக்கும் கை தவறும். பிறகு இன்வெர்ட்டர். சிவப்பு எரிந்தால் பேட்டரி இறங்குகிறது, பச்சை எரிந்தால் கரண்ட் இருக்கிறது. ஒரு சின்ன முட்டை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள், நின்றாள், பிறகு ஃபேன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எது முதலில்? தக்காளியா, புடவையா? எத்தனை நாள் ஆகிறது? அதை எண்ண வேண்டாம். எண்ணினால் அது கணக்காகிவிடும். டாக்டரம்மா என்ன சொன்னாள், மங்கின மாதிரி தெரிந்தால் என்றாள். மங்கவில்லை. தக்காளிக்காரி ஏமாற்றினாள், புடவைக் கடையில் மஞ்சள் லைட், இன்வெர்ட்டரில் பல்பு போயிருக்கும், இங்கே ட்யூப் லைட். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

அதுவும் இல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? வேறு மருந்து, முதலிலிருந்து சோதனை, ஆஸ்பத்திரி, படுக்கை, தயாளன் கையில் ஃபைல். "அஞ்சு மாசமா? என்கிட்ட சொல்லாமலா? நான் யாரு?" கேட்பார். கெஞ்சுகிற குரலில் கேட்பார், அதைத் தாங்க முடியாது. நாற்பது பேரை மேய்க்கிற குரலில் கேட்டாலாவது பதிலுக்குக் கத்தலாம். இருபத்தொன்பது நாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொன்பது நாள். அதற்கு மேல் மாத்திரை இல்லை, எல்லாம் தானாகத் திரும்பிவிடும். யார் சொன்னது திரும்பிவிடும் என்று? அவள்தான் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது வேறு. பாட்டில் நம்பர் பார்த்து வாங்கினால் போகிறது. நம்பருக்கு நிறம் எதற்கு? லேபிளைப் படித்து அடித்தால் கப்பல் சிவப்பாகத்தான் இருக்கும், அவளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அந்த நினைப்பு வந்ததும் இரண்டு பாட்டிலையும் கல்லா மேல் வைத்துவிட்டாள், ஏனென்றால் அது ஒரு குருடியின் யோசனை.

"சிவநேசன், அடிச்சுக் காட்டுங்க." குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அடிச்சிவப்பு. ஸ்பூன்ல அடிச்சுக் காட்டுங்க. அந்தப் பழைய ஸ்பூனெல்லாம் நிறம் போயிடுச்சு."

"சரிங்க மேடம்." கம்ப்ரஸர் உறுமியது. அவன் ஏர்பிரஷ்ஷை எடுத்து, அதன் தலையில் இருக்கிற நெல்லிக்காய் அளவுக் கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டு, அக்ரிலிக்குக்கென்று இருக்கிற தின்னர் இரண்டு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கி, புது ஸ்பூனை எடுத்து முதுகைக் காட்டி ஊதினான். மூன்று வீச்சு. நல்ல கை. ஓரத்தில் தொடங்கி ஓரத்தைத் தாண்டி முடிக்கிறான், நடுவில் நிறுத்தவில்லை. காற்றில் காட்டிக் காயவைத்து நீட்டினான். அவள் வாங்கினாள். பார்த்தாள். பச்சை. ஐயோ, எவ்வளவு நிம்மதி. பச்சை! சேறு படிந்த பச்சை, பாசிப் பச்சை, தெளிவாகத் தெரிகிறது, அப்படியென்றால் கண் நன்றாக இருக்கிறது, இவன்தான் பாட்டிலை மாற்றிவிட்டான், ஒரு மணி நேரமாக இந்த முட்டாள்தனத்தால்தான் அவள் தவித்திருக்கிறாள். அந்த நிம்மதியில் அவளுக்குக் கோபம் எங்கிருந்தோ பாய்ந்து வந்தது.

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன அடிக்கிறீங்க? அடிச்சிவப்பு கேட்டா டெக் பச்சையை அடிச்சு நீட்டறீங்க. ஆறு வருஷமா கடை நடத்தறீங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

இன்னாசிமுத்து சிரித்தார். "மேடம் காலங்காத்தால ஜோக்கு…" என்று ஆரம்பித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், உதட்டிலேயே கிடந்தது. ஸ்பூனைப் பார்த்தார். சிவநேசனைப் பார்த்தார். கம்ப்ரஸர் தானாக நின்றது.

"தப்புதாங்க மேடம்" என்றான் சிவநேசன். மெதுவாகச் சொன்னான். "பாட்டிலு மாறிப்போச்சுங்க. இருங்க, வேற அடிச்சுக் காட்டறேன்." முதுகைத் திருப்பிக்கொண்டான். ஒரு பாட்டில் குலுங்குகிற சத்தம், உள்ளே இரும்புக் குண்டு டக் டக்கென்று. மறுபடி கம்ப்ரஸர். புது ஸ்பூன், மூன்று வீச்சு. திரும்பி நீட்டினான். "இது சரியாங்க?" அந்தக் குரல். சந்தையில் தக்காளிக்காரி பேசின அதே அடக்கம்.

பிரமிளா ஸ்பூனைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாற்றுவதென்றால் முதலில் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டு ஊத வேண்டும், கழுவுகிற திரவம் விட்டு ஊத வேண்டும், ஊசியை உருவித் துடைக்க வேண்டும், வெளியே வருகிற புகை வெறும் தண்ணீராக வருகிற வரைக்கும் ஊத வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிறம் புது நிறத்தில் கலந்து குட்டிச்சுவராகும். சிவநேசன் தூக்கத்தில்கூட அதைச் செய்வான். அவள் தூக்கத்தில்கூட அதைச் செய்வாள். அவன் செய்யவில்லை. கிண்ணத்தைக் கழுவவில்லை. ஒரு துடைப்புகூட இல்லை. அதே கிண்ணம், அதே நாலு சொட்டின் மிச்சம், அதே பெயின்ட். குலுக்கினது சும்மா சத்தத்துக்கு. அவளைச் சமாதானம் செய்வதற்கு, பிடிவாதக் குழந்தைக்கு அதே பாலை வேறு டம்ளரில் மாற்றி ஊற்றிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி. அப்படியானால் முதல் ஸ்பூனும் சிவப்பு. அவள் பச்சை என்று கண்ணால் பார்த்து, நிம்மதியாகப் பார்த்து, பாசி என்றும் சேறு என்றும் வகைபிரித்துப் பார்த்த அந்த நிறம் சிவப்பு. மங்கவில்லை. மங்கினால்தானே தெரிந்திருக்கும்? ஒரு நிறம் எழுந்து போய்விட்டது, போன இடத்தில் இன்னொரு நிறம் உட்கார்ந்துகொண்டு நான்தான் என்கிறது, இவளும் ஆமாம் நீதான் என்கிறாள்.

ப்ளவுஸ் நூல் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருஷம் தன்னிடம் திட்டு வாங்கின மனுஷன், திட்டினால் சிரித்துக்கொண்டே இரண்டு வார்த்தை திருப்பித் தருகிற மனுஷன், இன்றைக்குத் திருப்பித் தரவில்லை. பொய் சொன்னான். மரியாதைக்காகச் சொன்ன பொய். அப்படி ஒரு பொய்யை அவள் இதுவரை யாரிடமிருந்தும் வாங்கினதில்லை. சாவு வீட்டில்கூட மற்றவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். படியிறங்கிப் போய்விடலாம். "இது சரி, போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, படியிறங்கி, ஸ்கூட்டரை எடுத்து, அடுப்பில் குக்கரை வைத்து. பதினெட்டுப் படி. அவளுக்குத் தன்னைத் தெரியும். ஆறாவது படியில் ஒரு காரணம் கிடைத்துவிடும். சிவநேசன் அவசரத்தில் கழுவ மறந்தான். பத்தாவது படியில் அது நிஜமாகிவிடும். கீழே போய்ச் சேருகிறபோது அவன் மேல் கோபமே வந்துவிடும். நாளைக் காலை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மறுபடி அந்த மாத்திரை. நாளை மறுநாளும். பன்னிரண்டாம் நாள் பெண்ணுக்கு நெற்றியில் குங்குமம் வைக்கிறபோது அது என்ன நிறத்தில் இருக்கும்? சாம்பலாக இருக்கும். அவள் சாம்பலை எடுத்துத் தன் பெண்ணின் நெற்றியில் வைப்பாள், சிரித்துக்கொண்டே வைப்பாள், எல்லாரும் சிவப்பு என்பார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்தாள். அந்த எண்ணுக்கு அவள் பெயர் போடாமல் வெறும் புள்ளி வைத்திருந்தாள், தயாளன் கண்ணில் பட்டால் கேட்கக்கூடாதென்று. வெளியே போய்ப் பேசலாம். வெளியே போனால் படி. இன்னாசிமுத்து ஒரு பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கிற பாவனையில் நின்றிருந்தார், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. காலை ஐந்தே முக்கால், பீளமேடு கிரவுண்டு. போகட்டும். புள்ளியை அழுத்தினாள், மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிடு, எடுக்காமல் இருந்துவிடு என்று வேண்டிக்கொண்டாள், எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், சொல்லுங்க." அந்த வரவேற்புப் பெண். எப்போதும் கொட்டாவியை மென்றுகொண்டே பேசுகிறவள், நகத்தைப் பார்த்துக்கொண்டே டோக்கன் கிழிக்கிறவள்.

"பிரமிளா தயாளன். டாக்டர்கிட்ட பேசணும்."

"டாக்டர் ஓ.பி.ல இருக்காங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க, எழுதி வெக்கறேன். நாளன்னிக்கு டோக்கன் போடட்டுங்களா?"

"டி.பி. மாத்திரை சாப்பிடறேன்." சொல்லிவிட்டாள். கடையில், பகலில், இரண்டு ஆண்களுக்கு நடுவில். "அஞ்சு மாசமா டி.பி. மாத்திரை சாப்பிடறேன்."

இன்னாசிமுத்துவின் கை கர்ச்சீப்பைத் தேடிப் பைக்குள் போனது. பாவம், அவருக்கே தெரியாமல் போனது. "இப்பத் தொத்தாது, பயப்படாம நில்லுங்க" என்றாள் அவரிடம், போனை மூடாமலே. அவர் கையை வெளியே எடுத்துவிட்டார், கர்ச்சீப் இல்லாமல். முகம் வாடிப்போயிருந்தது. சிவநேசன் ஏர்பிரஷ்ஷை இன்னும் பிடித்தபடியே நின்றான்.

"சரிங்க மேடம், எல்லாரும் சாப்பிடறாங்க. என்ன கம்ப்ளெயின்ட்? வாந்தியா, அரிப்பா?"

"கண்ணு. சிவப்பு தெரியல. பச்சையும். ரெண்டும் ஒண்ணா இருக்கு."

கொட்டாவி நின்றுவிட்டது. "எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"எத்தனை நாளா மேடம் இப்படி?"

இதோ. இதைத்தான் எண்ணாமல் வைத்திருந்தாள். "ரெண்டு நாளா" என்று நாக்கு தயாராக நின்றது. பழகின நாக்கு, எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நாக்கு. தக்காளி வாங்கினது வெள்ளிக்கிழமை. போன வெள்ளி இல்லை, அதற்கு முந்தினதும் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனார்களே, அதற்கு மறுநாள் சட்னிக்கென்று வாங்கினது. விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது, மறுபடி முதல் கைக்கு வந்தாள், அதையும் தாண்டினாள். சிவநேசன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? எத்தனை நாளு?"

"பதினேழு" என்றாள் பிரமிளா.

அந்தப் பக்கத்தில் நாற்காலி தரையில் இழுபட்டது. ரிசீவர் மேசையில் விழுந்து உருண்டது. பிறகு, நீளமான அந்த வராந்தாவில், செருப்புகள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஐந்து மாதமாகப் போய்வருகிறாள், அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதற்கும் ஓடி அவள் பார்த்ததில்லை.